நடு ஆட்டத்தில் போனைப் பிடுங்கினேன்

தடைக்காலம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மண்டபம் வடக்குக் கடற்கரையில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஆண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார்கள். பள்ளிக்கூடமும் லீவு. பதினைந்து வயதாகும் என் மகன் அன்று மாலை நான்கு மணிக்குப் போனை எடுத்தவன், விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் தலை நிமிரவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். "இதோம்மா", "ரெண்டே நிமிஷம்மா" என்றான். நான்காவது முறை கூப்பிடவில்லை. போய்ப் பிடுங்கிவிட்டேன்.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், "மூணு பேரையும் நடுவுல விட்டுட்டு வந்துட்டேன்மா" என்றான். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இருபது வருஷமாக வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அவன் சொன்னது மட்டும் பிடிபடவில்லை. இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் விசைப்படகு டிரைவர். மடியில் கிடந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நடுக்கடல்ல வலை இழுத்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டா மத்தவன் அவனை என்ன சொல்லுவான்?"

அப்போதுதான் உறைத்தது. என் கணக்கில் நான் ஒரு விளையாட்டை நிறுத்தினேன். அவன் கணக்கில் அவன் கூட்டாளிகளைக் கைவிட்டவன் ஆகிவிட்டான்.

நான்காம் நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்றேன். நம்பாமல் பார்த்தான். அப்புறம் சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. அவன் ஆடுவது பப்ஜி வகை ஆட்டம். நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். தீவு 8க்கு 8 கிலோமீட்டர். கையில் ஒன்றும் கிடையாது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்துப் பெட்டி என்று அகப்பட்டதைப் பொறுக்க வேண்டும். பையன்கள் இதை 'லூட்' என்கிறார்கள். சில நிமிஷத்துக்கு ஒருமுறை வட்டம் சுருங்கும். அதற்கு வெளியே நிற்பவனுக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எல்லாரையும் அது ஒரே இடத்துக்கு நெட்டித் தள்ளும். கடைசியில் நிற்கிற அணி ஜெயிக்கும். அணிக்கு நான்கு பேர். ஒருவன் அடிபட்டால் உடனே சாவதில்லை, தரையில் தவழ்வான். கூட்டாளி பக்கத்தில் வந்து சில விநாடி உட்கார்ந்தால் மறுபடி எழுந்துவிடுவான். அதற்கு 'ரிவைவ்' என்று பெயர்.

நான் ஆடினேன். முதல் இரண்டு ஆட்டம் இறங்கிய உடனே முடிந்தது. மூன்றாவதில் ஒரு சுவரோரம் அடிபட்டு விழுந்தேன். "அம்மா, அசையாத, வர்றேன்" என்றான் மகன். திறந்த வெளியில் புகைக்குண்டு போட்டுவிட்டு, தோட்டாக்களுக்கு நடுவே ஓடிவந்தான். என் பக்கத்தில் முட்டி போட்டான். திரையில் ஒரு சிறு வளையம் மெல்ல நிறைந்துகொண்டே வந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நிஜத்தில் ஒரே பாயில், தோளுக்குத் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். அது தெரிந்தும் அந்தப் படபடப்பு குறையவில்லை.

அந்தப் படபடப்பு எனக்குப் பழையது. என் அப்பா வாரப் பத்திரிகைகளில் வந்த சரித்திரத் தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி, ராமநாதபுரத்தில் கொடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். காலிக்கோ துணி ஒட்டிய அட்டை, பசை வாசனை, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவே பழைய சோப்பு விளம்பரம். பதினான்கு, பதினைந்து வயதில் அந்தப் புத்தகங்களை அரிக்கேன் விளக்கில் படித்திருக்கிறேன். கோட்டைக் கதவு மூடிக்கொண்டிருக்கும், குதிரையில் வருகிறவன் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பான். அங்கே 'தொடரும்'. கல்கி, சாண்டில்யன் காலத்தில் இந்தக் கதைகளை வாராவாரம் படித்தவர்கள் அடுத்த இதழுக்கு ஏழு நாள் காத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தைப் புரட்டினால் போதும். அதனால் விடிய விடியப் படித்தேன். என் அம்மா விளக்கை ஊதி அணைப்பாள். நான் மகனிடம் போனைப் பிடுங்கியது அதேதான்.

சரி, இளசுகளை இதில் இழுப்பது எது? கொலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரை மணி நேர ஆட்டத்தில் சுடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் எங்கே இறங்குவது, எந்த வழியில் போவது, யாருக்கு மருந்து கொடுப்பது என்கிற பேச்சுதான். கதைப் புத்தகத்திலும் போர்க்களம் வருவது சில அத்தியாயம். ஒற்றன், ஓலை, மாறுவேஷம், சுரங்கப்பாதை இவைதான் பக்கங்களை நிரப்பும்.

எங்கள் ஊர்ப் பையன்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. என் கணவருக்குப் பதினைந்து வயதில் அவர் அப்பா படகில் ஒரு இடம் இருந்தது. கயிறு பிடிக்க, மீன் பிரிக்க, காற்றுப் பார்க்க என்று அவரை நம்பி ஒரு வேலை இருந்தது. இன்று எந்த அப்பாவும் மகனைக் கடலுக்குக் கூட்டிப்போக விரும்புவதில்லை. எல்லை, கைது, படகு பறிமுதல் என்று பார்த்துப் பார்த்து, "நீ படிச்சு வேற வேலைக்குப் போ" என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வயதில் தன்னை நம்பி நாலு பேர் இருக்க வேண்டும் என்ற தேவை பையனுக்குப் போய்விடவில்லை. வீட்டில் சாப்பிடு, படி, தூங்கு என்று எல்லாவற்றையும் நாங்கள் முடிவு செய்கிறோம். அந்தத் தீவில் அவன் சொல்கிற இடத்தில் நான்கு பேர் குதிக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் நால்வரும் சாகிறார்கள், அடுத்த நிமிஷமே மறுபடி முயலலாம். பதினைந்து வயதுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவன் அணியில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். ஷிப்டு முடிந்து இரவு ஒன்பதரைக்கு வருவான். இவர்கள் இரண்டு பேரும் அதில் சண்டையைவிட ஊர்க் கதைதான் அதிகம் பேசுகிறார்கள் என்பதும் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதனால் பிள்ளைகள் முரடர்களாகிவிடுவார்களா என்று என் திண்ணைக்கு வரும் அம்மாக்கள் எல்லாரும் கேட்கிறார்கள். 2019-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை ஆட்டங்களில் செலவிட்ட நேரத்துக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணவில்லை என்றார்கள். அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் ஆட்ட அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அடையாளங்கள் மூன்று: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இது பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்து, படிப்பையும் வீட்டையும் பாதித்தால்தான் நோய் என்பார்கள். லீவில் ஒரு வாரம் விழுந்து கிடப்பதை வைத்துப் பிள்ளைக்கு நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், பள்ளி எல்லாம் மாதக்கணக்கில் கைவிட்டுப் போனால் மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயங்கவும் வேண்டாம்.

தடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் அம்மாக்கள் எல்லாம் நிம்மதியாக இருந்தோம். பையன்கள் ஒரே வாரத்தில் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். 2021 ஜூலையில் அதே ஆட்டம் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு 3 மணி நேரம்தான் என்று அதில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்குப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓடியதைச் சொல்கிறேன். முதலாவது, நேரத்தை மணியில் சொல்வதை விட்டேன், ஆட்டத்தில் சொல்கிறேன். "ஏழு மணிக்கு நிறுத்து" என்றால் ஏழு மணிக்கு அவன் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் மூன்று பேரோடு பதுங்கியிருப்பான். "இன்னும் ரெண்டு ஆட்டம்" என்றால் இரண்டு முடிந்ததும் அவனே எழுந்துவிடுகிறான். ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி வரும். கூப்பிட வேண்டியது அப்போதுதான். இந்த ஒரு மாற்றத்திலேயே வீட்டில் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டாவது, இரவில் எல்லார் போனும் சமையல்கட்டுப் பரணில் சார்ஜ் ஏறும். என்னுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்துத்தான். அவனுடையதை மட்டும் வாங்கி வைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. அப்புறம், முன்பின் தெரியாதவர்களோடு குரல் பேச்சு வேண்டாம், அணிக்குள் மட்டும் பேசு என்று அவனையே அந்த அமைப்பை மாற்ற வைத்தேன். பெண் பிள்ளை ஆடினால் இதை முதல் நாளே செய்யுங்கள்.

பணம். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்பாவின் யுபிஐ ரகசிய எண் (பின்) தெரிந்து, ஒரே இரவில் 4,000 ரூபாய்க்குத் துப்பாக்கிக்கு 'ஸ்கின்' வாங்கிவிட்டான். அது தடைக்காலத்துக்கு ஒதுக்கி வைத்த காசு. அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் உண்டு. அவனைக் கூப்பிட்டு, ஸ்கின் போட்டால் துப்பாக்கி அதிகமாகச் சுடுமா என்று கேட்டேன். இல்லை, நிறம்தான் மாறும் என்றான். "அப்புறம் எதுக்குடா?" "எல்லாரும் பார்க்கிறாங்கள்ல டீச்சர்." எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இந்தத் தடைக்காலத்தில்தான் எல்லாப் படகுக்கும் பெயிண்ட் அடிக்கிறோம், பெயரை ஒளிர ஒளிர எழுதுகிறோம். நிறத்தைப் பார்த்து மீன் வருவதில்லை. ஆசை புரிகிறது. ஆனால் பின் எண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பத்தாம் வகுப்புத் தமிழில் புறத்திணைகள் பன்னிரண்டும் வரும். வருஷா வருஷம் பிள்ளைகள் அழுதுகொண்டே மனப்பாடம் செய்யும் பகுதி. அந்த ஜூனில் திண்ணையில் நான்கைந்து பையன்களை உட்காரவைத்து, "எதிரி மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றது வெட்சி" என்றேன். "லூட்டு" என்றான் ஒருவன். அதை மீட்டு வருவது கரந்தை. மண்ணாசையில் படையெடுத்துப் போவது வஞ்சி, எதிர்த்து நிற்பது காஞ்சி. "ரஷ் பண்றான், இவன் தடுக்கிறான்." மதிலுக்குள் இருந்து காப்பது நொச்சி. "கேம்ப்!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆட்டத்தில் ஒரே இடத்தில் பதுங்கி உட்காருவதற்கு அதுதான் பெயர். மதிலை வளைப்பது உழிஞை, இரண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதுவது தும்பை, ஜெயித்தவன் சூடுவது வாகை. ஒரே மாலையில் வரிசை தப்பாமல் ஒப்பித்தார்கள். இதெல்லாம் பூக்களின் பெயர், வெட்சி என்பது நம் இட்லிப் பூ என்றதும் ஒருவன் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து பறித்துக்கொண்டு வந்து காதில் செருகிக்கொண்டான்.

இந்த உற்சாகம் குறையும் முன்னே அவர்களை ராமநாதபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். ராமலிங்க விலாசத்துச் சுவரில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போரைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அதன் முன்னால் நின்றார்கள். எந்தப் படை எந்தப் பக்கம், யார் தப்பிப்பார் என்று ஒரே வாக்குவாதம். முந்நூறு வருஷத்துக்கு முந்தின பையன்களும் அந்தச் சுவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டு அக்கா கதைக்கு வருகிறேன். அவர் 1990-இல், ஒன்பது வயதில், யுத்தத்துக்குத் தப்பி இலங்கைத் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர். அவர்களை இரவோடு இரவாக ஒரு மணல் தீடையில், அதாவது கடல் நடுவே இருக்கும் மணல் திட்டில், இறக்கிவிட்டு வள்ளம் திரும்பிவிட்டது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் கடல். மறுநாள் யாரோ பார்த்துக் கரை சேர்க்கும் வரை தண்ணீர் இல்லை. பிறகு மண்டபம் அகதிகள் முகாம். எங்கள் ஊரிலேயே கல்யாணமாகி இங்கேயே இருந்துவிட்டார். பையன்கள் போனில் சத்தத்தைத் திறந்து வைத்து ஆடும்போது அவர் வாசலில் இருந்தால் சட்டென்று உள்ளே போய்விடுவார். இதைக் கவனிக்க எனக்கு எத்தனையோ நாளானது. கவனித்த அன்றே மகனிடம் சொன்னேன். காரணம் கேட்டான், சொன்னேன். அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாமல் அவன் ஆடியதில்லை.

நான் ஒரு தப்பும் செய்தேன். "அக்கா, பையன்களுக்கு நிஜ யுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்க, அப்பவாவது பயந்து ஆட்டத்தை விடுவாங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "நான் பயங்காட்டுற படம் இல்லைப் பிள்ளை" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யுத்தத்தில் வாழ்ந்தவர்களை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கூடாது. அவர்களுக்கே சொல்லத் தோன்றினால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு மாலை வந்தது. மின்சாரம் இல்லை, எல்லாரும் வாசலில். அக்கா தானாகவே மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி, இதில என்ன நடக்குது, காட்டு பாப்பம்." அவன் சத்தத்தை அடைத்துவிட்டுக் காட்டினான். வீடு வீடாகப் புகுந்தான். கட்டில், மேசை, சமையல்கட்டு, ஒரு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அவர் கண்ணைக் குறுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"இவ்வளவு வீடு கிடக்கு. சனம் எங்க?"

மகன் விரலை எடுத்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். திரையில் அவன் ஆள் யாரோ சுட்டு விழுந்தான். அவன் அதைப் பார்க்கவில்லை.

"எங்கட வீட்டில அடுப்பில சோறு இருந்தது. நாங்கள் போன பிறகு யாரோ இப்பிடித்தான் உள்ளுக்க வந்து பாத்திருப்பினம்" என்றார் அக்கா. அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

மகன் ஆட்டத்தை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் வேறு வகை ஆட்டம் உண்டா என்று தேடத் தொடங்கினான். என்னிடம் படித்து இப்போது சென்னையில் கணினி வேலையில் இருக்கும் ஒரு பையன் போலந்து நாட்டு ஆட்டம் ஒன்றைச் சொன்னான். பெயர் 'திஸ் வார் ஆஃப் மைன்', 2014-இல் வந்தது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த சரயேவோ நகர மக்களின் அனுபவத்தை வைத்துச் செய்தது. அதில் நீங்கள் சிப்பாய் கிடையாது. இடிந்த வீட்டுக்குள் உணவும் மருந்தும் தேடி, குளிரில் உயிர் தப்ப வேண்டிய சாதாரண சனம். போலந்து அரசு 2020-இல் இதைப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. மகன் இரண்டு நாள் ஆடிவிட்டு, "நெஞ்சு அடைக்குதும்மா" என்று வைத்துவிட்டான். ஒரு வாரம் கழித்துத் தானே மறுபடி எடுத்தான். அந்த ஒரு வாரம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பைண்டு புத்தகத்தையும் இறக்கினேன். படி என்று கொடுக்கவில்லை. இரவு போன்கள் பரணுக்குப் போன பிறகு ஒரு அத்தியாயம் சத்தமாக வாசிப்பேன், 'தொடரும்' வந்ததும் மூடிவிடுவேன். நான்காவது நாள் மத்தியானம் அவன் ஒளிந்து ஒளிந்து அடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தான். காணாதவள் மாதிரிப் போய்விட்டேன்.

போன வருஷத் தடைக்காலத்தில் நான்கு பையன்களும் சேர்ந்து ஒரு சார்ட் அட்டையில் படம் போட்டார்கள். இந்தப் பக்கம் அரிச்சல்முனை, அந்தப் பக்கம் தலைமன்னார், நடுவில் வரிசையாக மணல் தீடைகள். புளியங்கொட்டைதான் சனம். மூன்று தீக்குச்சிப் பெட்டி வள்ளம். தாயக்கட்டை உருட்டி, விடிவதற்குள் எல்லாப் புளியங்கொட்டையையும் கரை சேர்க்க வேண்டும். யாரும் யாரையும் சுட வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் போட்ட கூச்சலுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு கட்டம் கடல் ஏறும் என்று விதி வைத்திருந்தார்கள். எனக்கு அந்தச் சுருங்கும் வட்டம் ஞாபகம் வந்தது.

அக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அட்டைப் பக்கத்தில் குந்தினார். ஒரு தீப்பெட்டியிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டி எண்ணினார்.

"இருபது பேரா? கவிண்டு போகும் தம்பி. பன்னிரண்டு போடு" என்றார். எட்டை எடுத்துத் திரும்பவும் தீடையில் வைத்தார். பிறகு, "தண்ணி கேன் எத்தினை வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

தண்ணீருக்கு விதியே வைக்கவில்லை என்று மகன் சொன்னான்.

"முதல்ல அதை வை" என்றவர், அடுப்படிப் பக்கம் திரும்பி என்னிடம் ஒரு கைப்பிடி சோளம் கேட்டார்.